அமெரிக்கர்களின் அன்றாட வாழ்க்கையில் ஜாஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் என்றதும் இன்று பலருக்கு மங்கலான விளக்கும், கண்ணை மூடிக்கொண்டு சாக்ஸபோன் வாசிக்கும் ஒருவரும்தான் நினைவுக்கு வருவார்கள். ரசிகர்கள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். 1920-களிலும் 30-களிலும் அப்படிக் கேட்டவர்கள் குறைவு. ஆடினார்கள், சாப்பிட்டார்கள், சத்தம் போட்டார்கள். வீட்டு வாடகை கட்டவும், பிணத்தை வழியனுப்பவும், பிஸ்கட் விற்கவும் அந்த இசை உதவியது. இங்கே உள்ள பதில்கள் அந்தக் காலத்து ஜாஸைப் பற்றியவை.

முதலில், ஜாஸ் என்பது எப்படிப்பட்ட இசை?

எல்லோருக்கும் தெரிந்த ஒரு மெட்டை எடுத்துக்கொள்வார்கள். முதலில் அதை ஒருமுறை வாசித்துக் காட்டுவார்கள். பிறகு தாளமும் கோர்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) வரிசையும் அப்படியே ஓட, ஆளுக்கொரு சுற்று மனோதர்மமாக வாசித்துவிட்டு, கடைசியில் மெட்டுக்குத் திரும்புவார்கள். கர்நாடகக் கச்சேரியில் பல்லவியும் தனி ஆவர்த்தனமும் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த அமைப்பு புரியக் கஷ்டமிருக்காது. ப்ளூஸ் என்ற கறுப்பினத்தவரின் சோகப் பாட்டு, ராக்டைம் என்ற துள்ளல் பியானோ இசை, தேவாலயப் பாட்டு, ராணுவ பேண்டு எல்லாம் இதற்குள் கலந்திருக்கின்றன.

ஏன் நியூ ஆர்லியன்ஸ்?

துறைமுகம், பல நாட்டு மக்கள் வந்து இறங்கிய ஊர் என்பது வழக்கமான பதில். உண்மைதான், ஆனால் பாதிதான். அடிமை முறைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே காங்கோ சதுக்கத்தில் அடிமைகள் கூடி மேளம் கொட்டி ஆட முடிந்தது. தெற்கில் வேறு பல இடங்களில் மேளத்துக்கே தடை இருந்தது.

மறுபாதி, ஒரு சட்டம். அந்த ஊரில் பிரெஞ்சு, ஸ்பானிய, ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல் குடும்பங்கள் தங்களைத் தனி அடுக்காக வைத்திருந்தன. அவர்களின் பிள்ளைகள் பலர் வாத்தியாரிடம் போய் முறையாக நோட்டேஷன் படித்தவர்கள். 1890-ல் லூசியானா மாநிலம் ரயில் பெட்டிகளை நிறவாரியாகப் பிரித்தது. அதை எதிர்த்து நின்ற ஹோமர் பிளெஸ்ஸி நியூ ஆர்லியன்ஸ் கிரியோல். 1896-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நாளடைவில் கிரியோல்களும் சட்டத்தின் பார்வையில் வெறும் கறுப்பர்கள் ஆனார்கள். வெள்ளையர் வீட்டு விசேஷங்களில் வாசிக்கும் வாய்ப்பு குறைந்தது. காதால் கேட்டே கற்று, ப்ளூஸை ஊதித் தள்ளிய கறுப்பின வாத்தியக்காரர்களோடு அவர்கள் ஒரே பேண்டில் உட்கார வேண்டி வந்தது. படிப்பும் ப்ளூஸும் அங்கே சேர்ந்தன. நிறவெறிச் சட்டம் போட்டவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1900 வாக்கில் கார்னெட் (டிரம்பெட் போன்ற ஊதுகருவி) வாசித்த படி போல்டனைத்தான் முதல் பெயராகச் சொல்வது வழக்கம். அவர் வாசித்தது எதுவும் பதிவாகி நமக்குக் கிடைக்கவில்லை.

அங்கே தெருவிலும் வாசிப்பார்களா?

தெருவில்தான் அதிகம். நடனக் கூடத்துக்கு ஆள் சேர்க்க பேண்டை வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றவிடுவார்கள். டிராம்போன் என்ற ஊதுகருவியின் குழாய் முன்னும் பின்னும் நீள்வதால், வாசிப்பவர் வண்டியின் பின்பக்கப் பலகையில் உட்கார்ந்தால்தான் யார் மண்டையிலும் இடிக்காது. அந்தப் பாணி வாசிப்புக்கு 'டெயில்கேட்' என்ற பெயரே இப்படித்தான் நிலைத்தது. இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் போட்டி தொடங்கும். ஓடிவிடாமல் இருக்க சக்கரங்களைச் சேர்த்துக் கட்டிவிடுவதும் உண்டாம்.

சாவு ஊர்வலத்தில் ஜாஸ் வாசிப்பது நிஜமா?

நிஜம், இன்றும் நடக்கிறது. கறுப்பினத்தவர் சேர்ந்து நடத்திய உதவிச் சங்கங்களுக்கு உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள். நோய் வந்தால் உதவி, இறந்தால் அடக்கச் செலவு, கூடவே பேண்டு. கல்லறை வரை மெதுவான தேவாலயப் பாட்டு. உடலை வழியனுப்பிவிட்டுத் திரும்பும்போது டிரம்மர் வேகத்தைக் கூட்டுவார், ஊர்வலம் ஆட்டமாக மாறும். குடும்பத்தாரும் பேண்டும் முதல் வரிசை. குடையும் கைக்குட்டையுமாகப் பின்னால் சேர்ந்து ஆடும் தெருக்காரர்கள்தான் 'செகண்ட் லைன்'.

சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் எப்படிப் போனது?

ஆட்களோடு போனது. தெற்கின் பருத்தி வயலையும் கும்பல் கொலைகளையும் விட்டு, முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் வடக்குத் தொழிற்சாலைகளை நோக்கி ரயில் ஏறினார்கள். அவர்களை மகிழ்விக்க வாத்தியக்காரர்களும் ஏறினார்கள். 1917-ல் கடற்படையின் நெருக்கடியால் நியூ ஆர்லியன்ஸின் ஸ்டோரிவில் விபசாரப் பகுதி மூடப்பட்டதால்தான் ஜாஸ் வெளியேறியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது மிகைப்படுத்தல். அதற்கு முன்பே பலர் கிளம்பிவிட்டார்கள், பலர் அதற்குப் பின்னும் அங்கேயே இருந்தார்கள்.

சிறுவயதில் நிலக்கரி வண்டியில் வேலை பார்த்த டிரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங், பிறகு மிசிசிப்பி ஆற்றுப் படகுகளில் வாசித்து, 1922-ல் சிகாகோ போய் கார்னெட் கலைஞர் கிங் ஆலிவரின் பேண்டில் சேர்ந்தார். மற்றது வரலாறு.

சாதாரணக் குடும்பத்தினர் வீட்டில் எப்படிக் கேட்டார்கள்?

முதலில் கிராமஃபோன். ஜாஸ் என்ற பெயரில் வந்த முதல் இசைத்தட்டு 1917-ல் நியூயார்க்கில் பதிவானது. வாசித்த ஐவரும் நியூ ஆர்லியன்ஸ் வெள்ளையர்கள். கறுப்பினத்தவரின் குரலுக்குச் சந்தை உண்டு என்று கம்பெனிகளுக்குப் புரிய 1920 ஆக வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மேமி ஸ்மித் பாடிய ஒரு ப்ளூஸ் தட்டு எதிர்பாராத அளவு விற்றது. அடுத்த சில ஆண்டுகளில் பல கம்பெனிகள் கறுப்பினத்தவருக்கென்று தனி வரிசை தொடங்கின.

அந்தத் தட்டுகளை எங்கே வாங்கினார்கள் தெரியுமா? பெரும்பாலும் மேசை நாற்காலிக் கடையில். அப்போது கிராமஃபோன் என்பது மரப்பெட்டி, அதாவது வீட்டுச் சாமான். பெட்டி விற்றவர் தட்டும் விற்றார். ப்ளூஸ், ஜாஸ் தட்டுகளுக்குப் பெயர் போன பாரமவுண்ட் கம்பெனியே விஸ்கான்சினில் இருந்த ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் கிளைதான். தூரத்து ஊர்களுக்கு ரயிலில் வேலை பார்த்த புல்மன் போர்ட்டர்கள் தட்டுகளைக் கொண்டுபோய் விற்றார்கள்.

அப்புறம் ரேடியோ வந்தது. நாடு தழுவிய ஒலிபரப்பு நிறுவனங்கள் தொடங்கின: 1926-ல் என்பிசி, 1927-ல் சிபிஎஸ். இரவில் ஓட்டல் நடனக் கூடங்களிலிருந்து நேரடி ஒலிபரப்பு நடக்கும். அயோவாவில் ஏதோ ஒரு பண்ணை வீட்டில் இருப்பவர், வாழ்க்கையில் கால் வைக்க முடியாத நியூயார்க் கிளப்பின் இசையைச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்கலாம். 1936-ல் ஜான் ஹாமண்ட் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் சிகாகோவில் தன் கார் ரேடியோவில் தற்செயலாக கேன்சஸ் சிட்டி நிலையம் ஒன்றைப் பிடித்தார். அதில் ஒலித்த பியானோ கலைஞர் கவுண்ட் பேசியின் பேண்டு நாடறிந்ததாக மாறியது அந்த இரவிலிருந்துதான்.

1929 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு தட்டு விற்பனை படுத்துவிட்டது. ரேடியோவில் சும்மா கிடைப்பதை எதற்குக் காசு கொடுத்து வாங்குவது? தட்டுகளைக் காப்பாற்றியது இரண்டு விஷயங்கள். 1934-ல் டெக்கா கம்பெனி 75 சென்டுக்குப் பதில் 35 சென்டுக்குத் தட்டு விற்கத் தொடங்கியது. மற்றது ஜூக்பாக்ஸ். சாப்பாட்டுக் கடையில், மருந்துக்கடை சோடா மேடையில், பீர் கடையில் ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டால் விரும்பிய பாட்டு. கையில் காசில்லாத இளைஞர்களுக்கு அதுவே பேண்டு.

வாடகை கட்டவே கச்சேரி வைத்தார்களா?

ஆமாம். எனக்குப் பிடித்த அத்தியாயம் இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1920-களில் நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் கறுப்பினக் குடும்பங்களிடம் அதிக வாடகை வசூலித்தார்கள். வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு கிடைக்காது, வேலையிலோ சம்பளம் குறைவு. மாதக் கடைசியில் பணம் துண்டு விழுந்தால், வீட்டு மேசை நாற்காலிகளை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு பியானோக்காரரைப் பிடித்து, சின்னதாக அட்டை அச்சடித்து அக்கம்பக்கத்தில் கொடுப்பார்கள். அட்டையில் ஒரு வேடிக்கை எதுகை வரி, முகவரி, தேதி. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் இந்த அட்டைகளைச் சேகரித்து வைத்தார். அதனால்தான் பல இன்றும் கிடைக்கின்றன.

வாசலில் சில்லறை வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். பொரித்த மீன், பன்றிக் கால், சோறும் பீன்ஸும் விற்பனைக்கு. கள்ளச் சாராயமும் உண்டு. சனிக்கிழமை பார்ட்டி நடப்பது புரிகிறது, வியாழக்கிழமை எதற்கு? பணக்கார வீடுகளில் தங்கி வேலை செய்த பெண்களுக்கு வியாழன்தான் ஓய்வு. பிளம்பரும் சமையல்காரியும் லாரி டிரைவரும் இடித்துக்கொண்டு ஆடுவார்கள்.

ஒரே ஆள் ஒரு கூட்டத்தையே ஆடவைக்க வேண்டும் என்பதால் 'ஸ்டிரைட்' என்ற பியானோ பாணி செழித்தது. இடக்கை கீழே ஒரு அடி, மேலே ஒரு கோர்டு என்று தாவிக்கொண்டே டிரம் வேலையையும் பார்த்துக்கொள்ளும். வலக்கை மெட்டை அலங்கரிக்கும். ஜேம்ஸ் பி. ஜான்சன், வில்லி 'தி லயன்' ஸ்மித், இளம் ஃபேட்ஸ் வாலர் போன்றவர்கள் ஒரே இரவில் பல வீடுகளுக்குப் போவார்கள். ஒருவரை ஒருவர் மட்டம் தட்ட, விடியும் வரை போட்டி நடக்கும். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ வாசிப்பில் கொஞ்சம் யாரோ ஒருவரின் வாடகைப் பாக்கிக்காக வாசிக்கப்பட்டது.

மதுவிலக்குக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம்?

1920 முதல் 1933 வரை நாடு முழுவதும் மது விற்பனை சட்டவிரோதம். விற்பனை மறைவிடங்களுக்குப் போனது, அங்கே கூட்டம் சேர்க்க இசை தேவைப்பட்டது. முதலாளிகளில் பலர் கள்ளச் சாராய தாதாக்கள். அவர்கள் சம்பளம் ஒழுங்காகக் கொடுத்தார்கள் என்று வாத்தியக்காரர்கள் பிற்பாடு சொன்னதுண்டு. ஆனால் வேலையை விட்டுப் போகிறேன் என்று சொல்வது அத்தனை சுலபமில்லை.

பெரியவர்கள் எதிர்த்தார்களா?

பயங்கரமாக. 1921 ஆகஸ்டில் ஒரு பிரபல பெண்கள் பத்திரிகை, ஜாஸ் இளைஞர்களை ஒழுக்கக் கேட்டில் தள்ளுகிறதா என்று கேட்டுக் கட்டுரை போட்டது. எழுதியவர் பெண்கள் சங்கக் கூட்டமைப்பின் இசைப் பிரிவுத் தலைவி. கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு ஒரு படி மேலே போனார். தன் பத்திரிகையில் ஜாஸை யூதர்களின் சதி என்று எழுதவைத்தார். பழைய கிராமிய நடனங்களை மீட்கிறேன் என்று நடன ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து வகுப்பு நடத்தினார். அவர் விற்ற மலிவு விலைக் காரில் ஏறித்தான் இளைஞர்கள் நடனக் கூடத்துக்குப் போனார்கள் என்பது வேறு விஷயம்.

வெள்ளையர் மட்டும் எதிர்க்கவில்லை. கறுப்பினத் தேவாலயக் குடும்பங்கள் பலவற்றிலும் இது சாத்தானின் சங்கீதம்தான்.

காட்டன் கிளப், சவாய் இரண்டும் ஒன்றா?

இரண்டும் ஹார்லெமில் லெனாக்ஸ் அவென்யூவில், நடந்து போகும் தூரத்தில் இருந்தவை. அவ்வளவுதான் ஒற்றுமை. காட்டன் கிளப்பின் முதலாளி ஓனி மேடன் என்ற தாதா. மேடையில் கறுப்பினத்தவர், மேசைகளில் வெள்ளையர். உள்ளூர்க்காரர்களுக்கு வாசலிலேயே தடை. பேண்டுத் தலைவர் ட்யூக் எலிங்டன் 1927 டிசம்பரில் அங்கே வேலையில் சேர்ந்தார். அங்கிருந்து போன ரேடியோ ஒலிபரப்புதான் அவரை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது.

1926-ல் திறந்த சவாய் நடனக் கூடத்தில் நிறம் பார்க்கவில்லை. நன்றாக ஆடுகிறாயா என்பதுதான் கேள்வி. இரண்டு மேடைகள், ஒரு பேண்டு முடிக்கும்போதே மற்றது தொடங்கிவிடும். மரத்தரை ஏறக்குறைய மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்ந்து மாற்ற வேண்டியிருந்தது. லிண்டி ஹாப் நடனம் வளர்ந்தது அங்கேதான். 1937 மே 11 அன்று வெள்ளையரான கிளாரினெட் கலைஞர் பெனி குட்மனின் புகழ்பெற்ற பேண்டு அங்கே வந்து, சவாயின் சொந்தக்காரர் போலவே இருந்த டிரம்மர் சிக் வெப்பிடம் தோற்றுப் போனது. தீர்ப்பு சொன்னது ஆடியவர்களின் கைதட்டல்.

என்னைக் கேட்டால், அமெரிக்காவின் அன்றைய கதையைப் புரிந்துகொள்ள காட்டன் கிளப் போதும்; ஜாஸைப் புரிந்துகொள்ள சவாய் வேண்டும்.

ஸ்விங் காலம் எப்படித் தொடங்கியது?

ஸ்விங் என்பது பெரிய பேண்டுகள் ஆட்டத்துக்காக வாசித்த ஜாஸ். அதன் காலம் தொடங்கியது கடிகார வித்தியாசத்தால் என்று சொல்லலாம். 1934 இறுதியில் என்பிசியில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் சனிக்கிழமை நடன நிகழ்ச்சி தொடங்கியது. மூன்று பேண்டுகளில் குட்மனுடையது கடைசி. நியூயார்க்கில் அதற்குள் நள்ளிரவு தாண்டி, பலர் தூங்கியிருப்பார்கள். ஆனால் மேற்குக் கரை மூன்று மணி நேரம் பின்தங்கியது. கலிஃபோர்னியாப் பிள்ளைகள் விழித்திருந்து கேட்டார்கள். 1935 ஆகஸ்ட் 21 அன்று, வழியெல்லாம் அடிவாங்கிய ஒரு சுற்றுப்பயணத்தின் முடிவில் குட்மன் லாஸ் ஏஞ்சல்ஸின் பாலோமர் கூடத்தில் வாசித்தபோது கூட்டம் மேடையை மொய்த்தது. வாசித்ததில் முக்கியமானவை ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் என்ற கறுப்பினக் கலைஞர் பேண்டுக்காக எழுதிக் கொடுத்த இசை வடிவங்கள். பட்டம் குட்மனுக்கு, 'ஸ்விங் மன்னர்'. இந்தக் கணக்கு இன்றுவரை பேசப்படுகிறது. அதே குட்மன்தான் டெடி வில்சன், லயனல் ஹாம்ப்டன் ஆகிய கறுப்பினக் கலைஞர்களைத் தன்னோடு மேடையேற்றினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பயணத்தில் கறுப்பின வாத்தியக்காரர்கள் என்ன பாடுபட்டார்கள்?

வாசித்த ஊரிலேயே சாப்பாடு கிடைக்காது. தெற்கில் ஒரே கூடத்தில் நடுவே கயிறு கட்டி, ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் கறுப்பினத்தவர் ஆடுவார்கள். தங்க ஓட்டல் இல்லாததால் பஸ்ஸிலேயே தூங்குவார்கள், அல்லது அந்த ஊர்க் கறுப்பினக் குடும்பம் ஏதாவது அறை கொடுக்கும். ஹார்லெம் தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936-ல் வெளியிடத் தொடங்கிய 'கிரீன் புக்' வழிகாட்டி, தைரியமாக இறங்கக்கூடிய இடங்களின் பட்டியல். எலிங்டன் 1930-களில் தெற்கே போகும்போது தனி ரயில் பெட்டிகளையே வாடகைக்கு எடுத்துவிட்டார். சாப்பாடும் படுக்கையும் அதற்குள்.

வடக்கு ஒன்றும் சொர்க்கமில்லை. 1938-ல் ஆர்ட்டி ஷாவின் வெள்ளையர் பேண்டில் பாடிய பில்லி ஹாலிடேயை நியூயார்க்கிலேயே ஒரு ஓட்டலில் சரக்கு லிஃப்டில் போகச் சொன்னார்கள். அடுத்த ஆண்டு, எல்லா நிறத்தாரும் சேர்ந்து உட்கார்ந்த கஃபே சொசைட்டி என்ற கிளப்பில், கும்பல் கொலையைப் பற்றிய பாட்டு ஒன்றை அவர் பாடத் தொடங்கினார். அந்தப் பாட்டின்போது மேசைக்கு எதுவும் பரிமாறக் கூடாது, விளக்கை அணைக்க வேண்டும் என்பது அங்கே விதி.

பெண்கள் பாடகிகளாக மட்டும்தான் இருந்தார்களா?

மேடையில் பாடகியாகத்தான் பார்க்க விரும்பினார்கள். ஆனால் பியானோவில் லில் ஹார்டின் இல்லாமல் ஆம்ஸ்ட்ராங்கின் ஆரம்ப காலம் இல்லை. கிங் ஆலிவரை விட்டு வெளியே வா என்று தன் கணவரான ஆம்ஸ்ட்ராங்கைத் தள்ளியவரும் அவரே. ஆண்டி கர்க் பேண்டின் பியானோவும் இசையமைப்பும் மேரி லூ வில்லியம்ஸ் கையில் இருந்தன. மிசிசிப்பியில் ஒரு பள்ளிக்கூட பேண்டாகத் தொடங்கிய இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் முழுக்கப் பெண்களின் பேண்டு, பல இனத்தவர் கலந்தது.

இவ்வளவு பிரபலமாக இருந்தது ஏன் அடங்கியது?

ராக் அண்ட் ரோல் வந்து அடித்துவிட்டது என்பார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே அடி விழுந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் வாத்தியக்காரர்கள் ராணுவத்துக்குப் போனார்கள். பெட்ரோலும் டயரும் ரேஷன் என்பதால் பேண்டு பஸ்கள் ஓட முடியவில்லை. 1942 ஆகஸ்டில் வாத்தியக்காரர் சங்கம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. கோரஸ் குரல்களை வைத்துக்கொண்டு அவர்கள் பாடித் தள்ளினார்கள். நட்சத்திர இடம் அவர்களுக்குப் போனது.

பலர் கவனிக்காத காரணம் வரி. 1944-ல் ஆட்டமோ பாட்டோ உள்ள கிளப்புகளின் மீது மத்திய அரசு 30 சதவீத வரி போட்டு, அதே ஆண்டு 20 ஆகக் குறைத்தது. வெறும் வாத்திய இசைக்கு வரி இல்லை. கிளப் முதலாளி என்ன செய்வார்? நடனத் தரையில் மேசைகளைப் போட்டு, 'ஆடக் கூடாது' என்று பலகை வைத்துவிட்டு, நான்கைந்து பேர் வாசிக்கும் சிறு குழுவை அமர்த்திக்கொண்டார். ஹார்லெமின் மின்டன்ஸ் கிளப்பில் சார்லி பார்க்கரும் டிஸி கிலெஸ்பியும் தெலோனியஸ் மங்கும் வளர்த்த பீபாப், வேகமும் சிக்கலுமாக உட்கார்ந்து கேட்க வேண்டிய இசை. கலை உயர்ந்தது, சந்தேகமில்லை. ஆனால் ஜாஸ் சாதாரண ஜனங்களின் காலிலிருந்து கழன்றது அப்போதுதான் என்பது என் கருத்து. போர் முடிந்து வந்தவர்கள் கல்யாணம் செய்து புறநகரில் வீடு வாங்கினார்கள், வரவேற்பறையில் டிவி வந்தது. 1946 முடிவதற்குள் பல பெரிய பேண்டுகள் கலைந்தன.

ஜாஸ் கலைஞர்களை அரசாங்கமே வெளிநாட்டுக்கு அனுப்பியதாமே?

1956-ல் கிலெஸ்பியில் தொடங்கியது. சோவியத்தோடு பனிப்போர்; அமெரிக்காவில் கறுப்பினத்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்ற கேள்விக்குப் பதிலாகக் கறுப்பினக் கலைஞர்களையே அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களுக்கு இதிலுள்ள முரண் தெரியும். 1957-ல் லிட்டில் ராக்கில் கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாதபோது, ஆம்ஸ்ட்ராங் அரசைத் திட்டிவிட்டு சோவியத் பயணத்துக்குப் போக மாட்டேன் என்றார். நம் பக்கமும் வந்தார்கள்: 1958-ல் டேவ் புரூபெக் குழுவும், 1963-ல் எலிங்டனும் இந்தியாவிலும் அன்றைய சிலோனிலும் வாசித்தார்கள். துருக்கித் தெருவில் புரூபெக் கேட்ட ஒன்பது அடித் தாளம் 1959-ல் அவர் இசைத்தட்டில் ஏறியது.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஆம்ஸ்ட்ராங் 1928-ல் பதிவு செய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. தொடக்கத்தில் டிரம்பெட் தனியாக ஓடும் சில நொடிகளுக்காகவே கேட்கலாம். பிறகு ஃபேட்ஸ் வாலரின் தனிப் பியானோ, எலிங்டனின் 1940 வாக்கில் வந்த தட்டுகள், 30-களின் பேசி. பெரும்பாலும் மூன்று நிமிடம் போலத்தான் ஓடும்; பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு அவ்வளவுதான் இடம். கரகர சத்தம் முதலில் தொந்தரவாக இருக்கும், நாலு பாட்டில் காது பழகிவிடும். இன்னொன்று: பேசியை இயர்ஃபோனில் உட்கார்ந்து கேட்பதைவிட, வீட்டு வேலை செய்துகொண்டே ஸ்பீக்கரில் சத்தமாக வைத்துக் கேளுங்கள். அந்த இசை அப்படிக் கேட்பதற்காகத்தான் வாசிக்கப்பட்டது.